பதினொரு மாமியார்களின் குரல்

இதுவரை பதினொரு மாமியார்களாக இருந்திருக்கிறார் கெல்தூம். சொந்தமாக ஒரு மருமகள்கூடக் கிடையாது. ஒரே மகள், அவளும் பிரான்ஸில், மார்சே நகரத்தில். காசாபிளாங்காவின் மாரிஃப் பகுதியில், பல் மருத்துவர் ஒருவரின் மாடியில் இருக்கும் டப்பிங் ஸ்டுடியோவுக்குள் அவர் பச்சை ஆப்பிளைக் கடித்துக்கொண்டு நுழைந்தால், அன்று யாரோ ஒரு மருமகளுக்குக் கண்ணீர் நிச்சயம். ஆப்பிள் வாயின் பிசுபிசுப்பை எடுத்துவிடும். வளையலும் காதணியும் கைப்பைக்குள் போகும், செருப்பு வாசலில் நிற்கும். மைக்கின் முன் வெறுங்காலோடுதான் நிற்பார்.

துருக்கித் தொடர்களை மொராக்கோவின் தெருப் பேச்சில் பேசுவது அவர் தொழில். திரையில் துருக்கி நடிகை நீளமாக வாயசைப்பார். கையிலிருக்கும் வசனமோ பாதியிலேயே தீர்ந்துவிடும். மிச்ச வாயசைப்பைக் கெல்தூம் சொந்தச் சரக்கால் நிரப்புவார். மூக்கால் ஓர் இழுப்பு, இல்லையென்றால் ஓர் இருமல், அதுவும் போதாவிட்டால் "போயேன், எனக்கென்ன வந்துச்சு" என்று ஒரு முணுமுணுப்பு. கன்னத்தில் அறை விழும் காட்சிக்குத் தன் தொடையிலேயே அறைந்துகொள்வார்.

சந்தையில் புதினா விற்பவள் அவரைச் சும்மா விடுவதில்லை. "நேத்து அந்தப் புள்ளத்தாச்சிப் பொண்ணை எதுக்கு வெளிய தள்ளினே? உனக்குப் புதினா கிடையாது, போ!"

"வியாழக்கிழமை திரும்பக் கூட்டிக்கறேன். வாடாத கட்டா எடு!" என்று கெல்தூம் அதே மாமியார் குரலில் அதட்டுவார். சுற்றி நிற்பவர்கள் கை தட்டுவார்கள்.

இந்த ஆண்டு புது ஒப்பந்தம் வந்தது. அதில் ஒரு பிரிவு: பதிவான குரலைக் கொண்டு செயற்கை நுண்ணறிவைப் பழக்கலாம், அது பேசும் குரல் நிறுவனத்துக்கே சொந்தம். கையெழுத்துப் போடாதவர்களுக்கு அடுத்த தொடரில் இடமில்லை. மருமகள்களுக்குக் குரல் கொடுக்கும் ஹயாத் போட்டுவிட்டாள். கெல்தூமை அவள் மரியாதையாக 'லல்லா' என்றுதான் கூப்பிடுவாள்.

"ரெண்டு பசங்களை வச்சுக்கிட்டு நான் எங்க போறது, லல்லா? வீறாப்பெல்லாம் உங்களுக்குத்தான் கட்டுப்படியாகும்."

"சரிடி, நீ போட்டுக்கோ. உனக்கும் சேர்த்து நானே வீறாப்பா இருந்துட்டுப் போறேன்."

இயந்திரத்தின் மேல் அவருக்குப் பகை ஏதுமில்லை. தண்ணீர் வராத வாரங்களில் புகார்க் கடிதத்தைக் கைபேசியில் அதனிடமே எழுதி வாங்குகிறார். தன்னைவிட மரியாதையாகத் திட்டுகிறது என்று பாராட்டவும் செய்கிறார். அவர் கேட்பது ஒன்றுதான். "எடுக்கறதுக்கு முன்னால என்னைக் கேளு. வேண்டாம்னா விடு. இதுக்கு என்ன அவ்வளவு பெரிய வாக்குவாதம்?"

ஆனால் வாக்குவாதம் பெரிதாகத்தான் நடக்கிறது. தலைநகர் ரபாத்தில், செயற்கை நுண்ணறிவுக்கான சட்ட வரைவு ஒன்று நாடாளுமன்றக் குழுவின் முன் இருக்கிறது. இப்போதே கடிவாளம் போட்டால் நாடு பின்தங்கிவிடும் என்று தொலைக்காட்சியில் ஒருவர் மேசையைத் தட்டுகிறார். பின்தங்கினாலும் பரவாயில்லை, பிழைப்பு இருக்கட்டும் என்று இன்னொருவர் கத்துகிறார். குழுவின் முன் பேசக் கலைஞர் சங்கம் தேர்ந்தெடுத்திருப்பது கெல்தூமை.

ஸ்டுடியோ முதலாளி ஜவாத், எல்லோருக்கும் 'ஸி ஜவாத்', கெட்டவர் அல்ல. "நான் மாட்டேன்னா சேனல்காரன் வெளிநாட்டுல செஞ்சுக்குவான். அப்புறம் எனக்குக் கடை இருக்காது, உங்களுக்கு மைக் இருக்காது" என்று சொல்லிப் பார்த்தார். கெல்தூம் அசையவில்லை. அப்போதுதான் அந்தக் கேள்வியைப் போட்டார்.

"சரி லல்லா, இந்த மாமியார் குரல் என்ன உங்க அம்மா வீட்டுச் சீதனமா? பழைய மாமியாரை அப்படியே உரிச்சு வச்சிருக்கேன்னு நீங்கதானே சொல்லிச் சொல்லிச் சிரிப்பீங்க? அந்த அம்மாவைக் கேட்டா எடுத்தீங்க? இயந்திரம் மட்டும் கேக்கணுமா?"

ஸ்டுடியோவே சிரித்தது. ஹயாத்தும் சிரித்தாள். கெல்தூம் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினார்.

நேரே தெர்ப் சுல்தான் பகுதியில் இருந்த பழைய புகுந்த வீட்டுக்குப் போனார். மணவிலக்குக்குப் பிறகு அந்தத் தெருவில் அவர் கால் வைத்ததே இல்லை. கதவைத் திறந்த பழைய மாமியார் ஹாஜ்ஜா மன்னானாவின் கையெல்லாம் மாவு.

"அடேயப்பா, டி.வி.காரி! என்ன, துக்கம் விசாரிக்க வந்தியா? நான் இன்னும் சாகலை."

"உங்க குரலைக் கேட்டு வாங்கிட்டுப் போக வந்தேன், ஹாஜ்ஜா."

"இத்தனை வருஷம் அதை வச்சுச் சோறு தின்னுட்டு இப்பக் கேக்கறியா? இந்தத் தெருவுல சின்னப்புள்ளைக்குக்கூட அது நான்தான்னு தெரியும்." ஹாஜ்ஜா மாவைத் துடைத்துக்கொண்டார். "அதுலயும் இருமலைத் தப்பாப் பண்றே. திட்டறதுக்கு முன்னாடி இருமக்கூடாது. திட்டி முடிச்சு இருமணும். அப்பதான் எதிராளி வாயைத் திறக்க முடியாது."

கெல்தூம் அங்கேயே திட்டி, இருமிக் காட்டினார். ஹாஜ்ஜா உள்ளே வரச் சொன்னார்.

தேநீர் வந்தது. ஒப்பந்தம், இயந்திரம், ஜவாத்தின் கேள்வி, ரபாத்துக் குழு எல்லாவற்றையும் ஹாஜ்ஜா குறுக்கிடாமல் கேட்டார்.

"நான் மாட்டேன்னு சொன்னா?"

"விட்டுடறேன். அடுத்த மாமியாருக்கு வேற குரல் தேடிக்கறேன்."

"கிடைக்குமா?"

"தெரியலை."

ஹாஜ்ஜா கோப்பையைக் காலி செய்து கீழே வைத்தார். பிறகு சொன்னார்: "வச்சுக்கோ. ஆனா அந்த மாமியார்கள்ல ஒருத்தியாவது நல்லவளா இருக்கட்டும்." கதவுவரை வந்தவர், "அந்தக் குழுவுல உக்காந்திருக்கறவங்க எல்லாம் ஆம்பளைங்களா?" என்றும் விசாரித்தார்.

மறுநாள் கெல்தூம் ஒப்பந்தத்தை ஜவாத்தின் மேசையில் வைத்தார். "நான் போய்க் கேட்டுட்டேன், ஸி ஜவாத். இப்ப உங்க முறை."

ஜவாத் சிரித்தார். கெல்தூம் நகரவில்லை என்றதும் சிரிப்பு நின்றது. "சரி, கேக்கறேன். குரலைத் தர்றீங்களா, லல்லா?"

"தரமாட்டேன்" என்று சொல்லி, அந்தப் பிரிவின் மேல் நீளமாக ஒரு கோடு இழுத்து, கீழே கையெழுத்துப் போட்டு, தாளை அவர் பக்கம் தள்ளினார். ஜவாத் அதைத் தொடவில்லை.

திங்கட்கிழமை புதுத் தொடரின் பதிவு தொடங்குகிறது. அட்டவணையில் கெல்தூமின் பெயர் இல்லை. குழு கூடும் செவ்வாய்க்கிழமை காலை ரபாத் ரயிலில் இரண்டு இருக்கைகள் எடுத்திருக்கிறார். ஜன்னலோரம் ஹாஜ்ஜாவுக்கு.