ரொட்டி அடுப்பில் வெந்த டேஷ்போர்டு

கறுப்புப் பெயிண்ட் சூட்டில் சுருங்கும்போது ஒரு வாடை வரும். கருகிய எண்ணெயும் தாரும் கலந்ததுபோல, மூக்கைத் தாண்டித் தொண்டையில் போய் உட்கார்ந்துகொள்ளும் வாடை. தாராவியில் நாங்கள் இருந்த சந்துக்குள் நுழைகிறவர்கள் "பெயிண்டுக்காரர் வீடு எது?" என்று யாரையும் கேட்க வேண்டியதில்லை, மூக்கு போகிற பக்கம் வந்தால் போதும். பள்ளிக்கூடத்தில் பக்கத்துப் பிள்ளைகள் என் சடையை மோந்து பார்த்துச் சிரிப்பார்கள். சிரித்தால் சிரிக்கட்டும், அறுபதுகளில் பம்பாய்த் தெருவில் ஓடிய எத்தனையோ டாக்ஸிகளின் மீட்டர் பெட்டி எங்கள் அப்பா கையால் சுருங்கியது என்ற மிதப்பு எனக்கு இருந்தது.

அதற்குப் பெயரே "சுருக்கு பெயிண்ட்"தான். டிரைவர் முன்னால் இருக்கும் தகரத்தில் வழவழவென்று பெயிண்ட் அடித்தால் வெயில் பட்டுக் கண் கூசும் என்பதால், தடிமனாக அடித்து ஈரம் காய்வதற்குள் சூட்டில் வைப்பார்கள். பாலில் ஆடை கட்டுவதுபோல மேல்பக்கம் முதலில் இறுகி, அடியில் இன்னும் ஈரம் இருக்கும்போதே தோல் தானாகச் சுருங்கி, தகரம் முழுக்கப் பொடிப்பொடி நெளிவாக, விரல் வைத்தால் சொரசொரவென்று ஆகிவிடும். ஆனால் சூடு எல்லாப் பக்கமும் ஒன்றுபோல ஏற வேண்டும், கொஞ்சம் குறைந்த இடம் மொழுக்கென்று நின்றுவிடும். அப்பாவின் அடுப்பு ஒரு பழைய எண்ணெய் டிரம், அதற்குக் கீழே நிலக்கரி போட்ட "சிகிடி", அவ்வளவுதான். மீட்டர் பெட்டிக்கு அது தாராளம்.

வம்பு டேஷ்போர்டு உருவத்தில் வந்தது. என் தாய்மாமா, அம்மாவுக்கு ஒரே தம்பி, அடுத்த சந்தில்தான் குடியிருந்தார். யாருடைய டாக்ஸியையோ ஓட்டிக்கொண்டிருந்தவர். அம்பர்நாத்தில் சொந்தக்காரர் கல்யாணம் ஒன்றில், வண்டியைத் திருப்பிக் கொடுக்க நேரமாகிவிட்டதென்று மற்றவர்கள் சாப்பிட்டு முடிப்பதற்குள் பந்தியிலிருந்து எழுந்துவிட்டார். பக்கத்து இலையில் இருந்த அப்பா, "டாக்ஸிக்காரனுக்குப் பந்தி மரியாதை எங்க தெரியப்போவுது?" என்று அத்தனை பேர் முன்னாலும் சொல்லிவிட்டார். ஒரு வாய்ப்பேச்சு! அன்றோடு இரண்டு வீட்டுக்கும் போக்குவரத்து அறுந்தது. அம்மாவுக்கு அந்த ஊரில் பிறந்த வீடு என்று இருந்தது அந்த ஒரு தம்பிதான். குழாயடியில் அவரைப் பார்த்தால் குடத்தை நிரப்பாமலே திரும்பி வந்து, அடுப்பு முன்னால் உட்கார்ந்து மூக்கை உறிஞ்சுவாள். அப்பா பார்த்தும் பார்க்காததுபோல் இருப்பார்.

ஒரு வருஷத்துக்கு மேல் ஓடியது. மாமா சொந்தமாகப் பழைய டாக்ஸி ஒன்றை வாங்கினார். ஒரு மழைக்காலத்தில், சந்துக்காரர் ஒருவர் அந்த வண்டியின் டேஷ்போர்டைக் கோணியில் சுற்றிக்கொண்டு வந்து எங்கள் வாசலில் வைத்தார். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் போதகர் வண்டிக்கு ஜெபம் பண்ணப் போகிறார், அதற்குள் முடித்துத் தர வேண்டுமாம். மாமா வாயால் ஒரு வார்த்தையும் சொல்லி அனுப்பவில்லை. ஆனால் பம்பாயில் வேறு பெயிண்டுக்காரனே இல்லையா என்ன? அப்பா கோணியை அவிழ்த்து, தகரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "நல்லா முடிச்சுக் குடுத்துருவோம்" என்றார். அம்மா அன்றைக்குக் குழம்பில் உப்பை இரண்டு தடவை போட்டாள்.

டிரம்முக்குள் டேஷ்போர்டு கொள்ளவில்லை. பாதி உள்ளே, பாதி வெளியே வைத்துத் திருப்பிப் போட்டதில், ஒரு பாதி அழகாகச் சுருங்கியது, மறு பாதி எண்ணெய் தேய்த்த மொட்டைத்தலையாக நின்றது. அப்பா எல்லாவற்றையும் சுரண்டி எடுத்துவிட்டு மறுபடி முயன்றார். மழை விடவே இல்லை, சந்தில் தண்ணீர் ஏறி சிகிடி அவிந்துபோனது. சனிக்கிழமை மத்தியானம் அப்பா தகரத்தை மடியில் வைத்துக்கொண்டு, "வேணும்னே கெடுத்துட்டேன்னுதான் சொல்லுவான்" என்றார். அவர் குரல் உடைந்து நான் கேட்டது அன்றைக்குத்தான்.

அப்போது அம்மா சொன்னாள்: "கிறிஸ்துமஸ் கேக்கெல்லாம் பாய் அடுப்புலதான வேவுது? இது மட்டும் வேவாதா?"

எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவ வீடுகள் அனைத்தும் டிசம்பரில் கேக் மாவைத் தட்டில் ஊற்றி, காதர் பாய் பேக்கரிக்குத்தான் தூக்கிக்கொண்டு போகும். கடையநல்லூர்க்காரர், தங்கமான மனுஷன். அம்மாவே போய்க் கேட்டாள். "ரொட்டி சுட்டு முடிச்சு அடுப்பு சும்மாதான கெடக்கு, கொண்டாங்க" என்று சொல்லிவிட்டார். பெயிண்ட்டை அங்கேயே அடித்து, ஈரத்தோடு செங்கல் அடுப்புக்குள் தள்ளினார்கள். வெளியே எடுத்தபோது, அடடா, ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஒரே சீராகச் சுருங்கியிருந்தது! அப்படி ஒரு வேலையை அதற்கு முன்னும் பின்னும் நான் பார்க்கவில்லை. அப்பா அதை வேட்டியால் மூடி, பச்சைக் குழந்தையைப்போல வீட்டுக்குத் தூக்கி வந்தார்.

ஞாயிறு காலையில் என் தம்பிதான் முதலில் துப்பினான். "ம்மா, ரொட்டி நாறுது!" நானும் கடித்தேன். சந்தேகமே இல்லை, எங்கள் வீட்டு வாடை. அடுப்புச் செங்கல் குடித்து வைத்திருந்ததையெல்லாம் ராத்திரி வெந்த ரொட்டியில் கக்கிவிட்டிருந்தது.

பேக்கரி வாசலில் ஊரே கூடிவிட்டது. "இது ரொட்டியா, தாரா?" என்று ஆளுக்கொரு ரொட்டியைக் காதர் பாய் மூக்குக்கு நேரே நீட்டினார்கள். அந்த மனுஷன் எங்களைக் காட்டிக் கொடுக்கவில்லை, தலையைக் குனிந்து நின்றார். அப்பா கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் போய், "பாய் மேல தப்பில்ல. நாந்தான் பெயிண்ட் சாமான அந்த அடுப்புல வச்சேன்" என்றார். கேட்க வேண்டுமா? "கூறு இருக்கா வே உமக்கு?" "பிள்ளைங்க திங்கிறது வே!" என்று அத்தனை வாயும் அவர் பக்கம் திரும்பியது.

அப்போதுதான் மாமா வந்தார், பாதி கடித்த ரொட்டியோடு. அம்மா என் தோளை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். பந்தியில் பட்ட அவமானத்துக்குப் பதில் கொடுக்க இதைவிடத் தோதான இடம் கிடைக்குமா?

மாமா அப்பா பக்கத்தில் போய் நின்றார். "அது என் வண்டி சாமான். அத்தான் எனக்காவத்தான் செஞ்சாவ. ஏசுறதா இருந்தா என்னையும் சேத்து ஏசுங்க."

ஏசினார்கள். வஞ்சகமில்லாமல் ஏசினார்கள். இரண்டு பேரும் தோளோடு தோள் நின்று வாங்கிக்கொண்டார்கள். கூட்டம் கலைந்ததும் அப்பா, "அந்த ரொட்டிய இன்னும் எதுக்கு மாப்ள கைல வச்சிருக்க? தூரப் போடு" என்றார்.

"அக்கா காப்பி போட்டா முக்கித் திங்கலாம்னு பாத்தேன்" என்றார் மாமா.

அம்மா அங்கேயே உட்கார்ந்து ஓவென்று அழுதாள். அன்று முழுக்க வெறும் விறகை எரித்து பாய் அடுப்பின் நாற்றத்தைப் போக்கினார்கள், விறகு சுமந்தது அப்பாவும் மாமாவும்தான். வண்டிக்கு ஜெபம் சாயங்காலம் நடந்தது, மாமா அப்பாவை முன் சீட்டில் உட்கார வைத்திருந்தார்.

அவர்களில் இன்று யாரும் இல்லை. பேக்கரி இருந்த இடத்தில் செல்போன் கடை, அந்த ஜாதி டாக்ஸிகளும் இரும்புக் கடைக்குப் போய்விட்டன. நான் செம்பூரில் நாலாவது மாடியில் இருக்கிறேன். ரொட்டியைத் துப்பிய என் தம்பி, பக்கத்தில், தேவ்நாரில்தான் இருக்கிறான். அம்மா போன பிறகு ஏதோ ஒரு பேச்சு தடித்து, நாங்கள் பேசிக்கொள்வதில்லை. எனக்கு ரொட்டி பிளாஸ்டிக் உறையில் வீட்டுக்கே வருகிறது. அவன் வீட்டுக்கு எங்கிருந்து வருகிறதோ, எனக்குத் தெரியாது. என் வீட்டில் எது கருகினாலும் அவன் மூக்குக்கு எட்டாது. சத்தம் போடவாவது ஒரு நாள் வரலாமே, அந்தப் பயல்.