சாமித்தட்டுக்குப் பின்னால் ஈரம்

வாடகை வீட்டில் ஒழுக்கு இருக்கலாம். ஒழுக்கைப் பற்றிய பேச்சுத்தான் இருக்கக்கூடாது. ஜெயராணி கண்டிக்கு வந்து கற்றுக்கொண்ட முதல் பாடம் அது. கலஹாவுக்கு மேலே, தேயிலைத் தோட்டத் தொழிலாளர் லயத்தில் கூரை ஒழுகினால் எல்லோரும் கூடிப்போய் துரை பங்களா வாசலில் சத்தம் போடுவார்கள். தகரம் மாறாது, ஆனால் அதற்காக யாரையும் வெளியே போகச் சொன்னதும் கிடையாது. அந்தத் தைரியத்தில் முல்கம்பொலையில் முதல் வாடகை வீட்டுக்காரரிடம், "சுவரெல்லாம் ஊறுதுங்க" என்று சொல்லிவிட்டாள். அவர் சுவரைப் பார்த்தார், தலையாட்டினார். அடுத்த மாதம், "மகன் கட்டார்ல இருந்து வாரான், வீடு தேவைப்படுது" என்றார். மகன் இன்றுவரை வரவில்லை. வேறொரு குடும்பம் வந்தது.

இப்போது கட்டுகஸ்தோட்டையில் இருக்கிறாள். மாடியில் வீட்டுக்காரர் ஜமால்தீன் ஹாஜியாரும் மனைவி ஹிதாயாவும். கீழே ஜெயராணி, த்ரீவீல் ஓட்டும் கணவன் கணேஸ், மகள் தர்ஷிகா. தர்ஷிகாவுக்கு இந்த வருடம் சாதாரண தரப் பொதுப் பரீட்சை. பள்ளிக்கூடம் நடந்துபோகும் தூரம். வீடு போனால் கலஹாவுக்குத் திரும்பி, விடியுமுன் பஸ்ஸுக்கு ஓட வேண்டும். அதனால் மாடிக் குளியலறைக்கு நேர் கீழே, முன்னறைச் சுவரில் ஈரம் தெரிந்தபோது ஜெயராணி அலுமாரியை நகர்த்தி அதை மறைத்தாள். ஈரம் அலுமாரிக்கு மேலேயும் ஏறியது.

"சொல்லிருவமா?" என்றான் கணேஸ்.

"சொல்லுங்க. அப்பறம் அவங்க மருமகன் வர்றாருன்னு சொல்வாங்க, சாமான ஒங்க த்ரீவீல்லயே ஏத்திக்கிட்டுப் போவோம்."

ஹாஜியாருக்கு, பலாப்பழத்தைத் தட்டுவதுபோல, வீட்டுச் சுவர்களைத் தட்டிப் பார்க்கும் பழக்கம் உண்டு. ஆனால் பிறர் கும்பிடும் இடத்துக்குக் கிட்டப் போகமாட்டார். அந்த மரியாதை அவரிடம் தவறாது. அதை நம்பித்தான் ஜெயராணி, குசினியில் அடுப்புக்கு எதிரே இருந்த சாமித்தட்டை, படங்களும் விளக்கும் வைக்கும் அந்தப் பலகையை, கொண்டுவந்து ஈரச் சுவரின் உச்சியில் ஆணியடித்து மாட்டினாள். முருகனும் மாரியம்மனும் கறையை முழுசாக மறைத்தார்கள். வாடகைக்காரியாக இவ்வளவு நிம்மதியாக அவள் இருந்ததே இல்லை.

நோன்பு மாதத்தில் ஒரு மாலை, ஹாஜியார் வழக்கம்போலக் கஞ்சியோடு வாசலில் நின்றார். அப்போதுதான் ஜெயராணி விளக்கேற்றியிருந்தாள். மாடியில் ஹிதாயா குளித்துக்கொண்டிருந்தார். கூரையிலிருந்து ஒரு சொட்டு இறங்கி, சுடரின் மேல் விழுந்தது. விளக்கு சுர்ரென்று அணைந்தது.

ஹாஜியார் கூரையைப் பார்த்தார், விளக்கைப் பார்த்தார். கஞ்சியைக் கதிரையில் வைத்துவிட்டுப் படியேறிப் போனார்.

"முடிஞ்சிச்சு" என்றாள் ஜெயராணி. கணேஸ் பெட்டி தேட ஆரம்பித்தான்.

காலையில் அவர் கொத்து வேலை செய்யும் மேசன் பாஸையும் கூட்டிக்கொண்டு வந்தார். ஜெயராணியின் முகத்தைப் பார்க்காமலே பேசினார்.

"மகள், பெரிய பிழை நடந்துட்டுது. எங்கட குளிக்கிற தண்ணி உங்கட சாமிக்கு மேல விழுது. நீங்க மனசுக்குள்ள வச்சிக்கிட்டு பேசாம இருந்திருக்கீங்க. உங்கட ஐயர்ட்ட கேளுங்க, என்ன செய்யணுமோ நான் செய்றேன்."

தலையாட்டினால் போதும். வீடும் நிலைக்கும், மரியாதையும் கூடும். ஆனால் மனுஷன் குற்றவாளி மாதிரி நிற்பதை ஜெயராணியால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

"ஹாஜியார், சாமிக்கு மேல தண்ணி வரல்ல. தண்ணி வந்த எடத்துக்குத்தான் சாமியக் கொண்டாந்தேன்."

"என்னத்துக்கு?"

"நீங்க கிட்ட வந்து பாக்கமாட்டீங்கன்னுதான். பாத்தா வீட்ட விடச் சொல்வீங்கன்னு பயம்."

கணேஸ் கண்ணை மூடிக்கொண்டான். படியில் நின்ற ஹிதாயாதான் முதலில் சிரித்தார்.

"அல்லாஹ்வே! இந்தப் புள்ள மேல வரும்போதெல்லாம் பாத்ரூம்ல ஒடஞ்ச டைல்ஸ் தெரியாம நான் ரப்பர் பாய போட்டு மறைச்சிக்கிட்டு ஈக்கேன். தெரிஞ்சா வீட்ட விட்டுட்டுப் போயிருவாங்க, இப்படி ஆக்கள் திரும்பக் கெடைக்கமாட்டாங்கண்டு."

"எனக்கிட்டயும் சொல்லல்லயே நீ!" என்றார் ஹாஜியார்.

"உங்களுக்குச் சொன்னா நீங்க போய் அவங்களுக்குச் சொல்வீங்க."

மேசன் பாஸுக்குத் தமிழ் அரைகுறை. யார் வீட்டுக்காரர், யார் வாடகைக்காரர் என்று அவருக்குக் குழப்பமாகிவிட்டது. பொதுவாக எல்லோரையும் பார்த்து, மாடிக் குளியலறைத் தரையை உடைக்க வேண்டும் என்றார்.

உடைத்தார்கள். வேலை முடியும்வரை ஹாஜியாரும் ஹிதாயாவும் துவாயும் வாளியுமாகக் கீழே இறங்கி வந்து, கதவைத் தட்டி, அனுமதி கேட்டு, ஜெயராணி வீட்டில் குளித்தார்கள். கணேஸ் காலையில் தன் முறைக்காகக் காத்திருந்து சவாரிகளைத் தவறவிட்டான்.

கடைசி நாள், கூரையில் பூச்சு காய்ந்துகொண்டிருக்கும்போது, ஹாஜியார் ஆசுவாசமாகக் கதிரையில் சாய்ந்தார்.

"இனி ஒண்டும் மறைக்க வேணாம் மகள். வேற ஏதும் ஈந்தா இப்பவே சொல்லுங்க, பாஸும் ஈக்கார்."

ஜெயராணி புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"குசினி ஜன்னலுக்குக் கொக்கி இல்ல. கூரத்தண்ணி போற பீலியில செடி மொளச்சிருக்கு. பின்கதவு மழைக்கு ஊதி மூடவே மாட்டேங்குது..."

அவள் இன்னும் முன்னறைக்கு வரவே இல்லை. ஹாஜியார் எழுந்து, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, பின்கதவைப் பார்க்கப் போனார்.