குளிரில் அளந்த மருந்து

என் தம்பி கிதியோன் பேராசைப்பட்டுத் தோட்டாவில் வெடிமருந்தைக் கூட்டினான் என்று எங்கள் லிம்போபோ ஆற்றுப் பக்கத்தில் இன்னமும் சொல்கிறார்கள். சொல்லட்டும். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

அவன் கூட்டியது மஷூடுவுக்காக. எங்கள் பண்ணையில் மிருகங்களின் தடம் பார்ப்பவன் மஷூடு. கிதியோனோடு சேர்ந்தே வளர்ந்தவன். முந்தின வருஷம், கிதியோனின் குண்டு பட்ட காட்டெருமை ஒன்று விழாமல் முட்புதருக்குள் போய்விட்டது. ரத்தத்தைப் பார்த்துக்கொண்டே முன்னால் நடந்தவன் மஷூடுதான். நல்லவேளை, அது செத்துக் கிடந்தது. அன்றைக்குக் கிதியோன் சாப்பிடவில்லை.

"இனிமே சுட்ட எடத்துலயே விழணும்க்கா. அவன் அப்படி முன்னாடி போறத இன்னொரு தடவ என்னால பாக்க முடியாது" என்றான்.

அவனுடைய பெரிய துப்பாக்கிக்குத் தோட்டாவை வீட்டிலேயேதான் அடைப்பான். எங்கள் பக்கம் ஜூலைதான் குளிர்காலம். அந்த மாதம் முழுக்க என் சமையலறை மேசை அவனுக்குத்தான். மருந்தைத் துளித்துளியாகக் கூட்டி, காற்று அடங்கிய விடியற்காலையில், புல்லில் உறைபனி கிடக்கும்போதே போய்ச் சுட்டுப் பார்ப்பான். சுட்ட தோட்டாவின் வெறுங்கூட்டை எடுத்துவந்து ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பான். அழுத்தம் மிஞ்சினால் கூட்டின் அடியில் பளபளவென்று தேய்ந்த தடம் விழும். வெறுங்கூட்டைத் தள்ளி அடுத்த தோட்டாவை ஏற்றும் துப்பாக்கியின் போல்ட்டைத் தூக்கும்போது இறுகிப் பிடிக்கும்.

"துப்பாக்கி ஒதைச்சு ஒதைச்சு தோளு கத்திரிக்காய் நிறத்துக்கு வந்திருச்சேப்பா. எருமைக்கு முன்னாடி நீ போயிருவ போல" என்பான் மஷூடு.

"எல்லாம் ஒனக்காகத்தாண்டா."

"அப்ப அத எருமைகிட்ட சொல்லு. எனக்காக அதுவே விழுந்துரட்டும்."

போல்ட் இறுகாமல் திறக்கிற கடைசி அளவோடு நிறுத்தினான். அதற்குமேல் ஒரு துளிகூடப் போடவில்லை. இவனையா பேராசைக்காரன் என்பது?

அக்டோபரில் மழை வரவில்லை. கதவுப் பிடியைத் தொட்டால் கை பொத்துப்போகிற வெயில். தோட்டாக்கள் காலையிலிருந்து வண்டியின் முன்கண்ணாடிக்குக் கீழே கிடந்தன. மருந்து சூடேறினால் அழுத்தமும் ஏறும். அவனுக்குத் தெரியாததல்ல, அன்றைக்குத் தோன்றவில்லை.

குட்டையோரம் ஒற்றை எருமை. முதல் குண்டு சரியாகப் பட்டது. அடுத்ததற்குப் போல்ட்டைத் தூக்கினால் வரவில்லை. உள்ளங்கையால் அடித்தான், உதைத்தான், அசையவில்லை. எருமை நேராக அவன்மேல் வந்தது. மஷூடு தொப்பியை வீசிக் கூச்சல் போட்டு அதைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டான். அது அவனை இடுப்பில் குத்தித் தூக்கியெறிந்துவிட்டு, கொஞ்ச தூரம் நடந்து, தானாகவே விழுந்து செத்தது.

உரிக்கும்போது பார்த்தார்கள். குண்டு நுரையீரல் இரண்டையும் துளைத்து மறுபுறம் வெளியே போயிருந்தது. பழைய அளவே போதுமாயிருந்திருக்கும்.

மஷூடு ஆஸ்பத்திரியிலிருந்து ஊன்றுகோலோடு திரும்பிவந்த வாரம், கிதியோன் மிச்சத் தோட்டாக்களை எல்லாம் பிரித்து மருந்தை என் தக்காளிப் பாத்தியில் கொட்டினான். செடிக்கு அது உரம்.

வேலியோரம் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த மஷூடு, "இந்தத் தக்காளியாவது நின்ன எடத்துலயே விழுதான்னு பாப்போம்" என்றான்.

கிதியோன் சிரிக்கவில்லை. அந்த வருஷம் தக்காளி நன்றாகத்தான் காய்த்தது. மஷூடு உப்புத் தொட்டுத் தின்றான். என் தம்பி ஒன்றைக்கூட வாயில் வைக்கவில்லை.