பயணியாக உட்காரப் பழகிய சித்தப்பா

இந்த நினைவு மலரைக் கையில் வாங்குகிறவர்களில் சிலர், சித்தப்பா என்றால் அப்பாவின் தம்பியா என்று கேட்கக்கூடும். இல்லை. என்னைப் பெற்ற தந்தை நான் பள்ளியில் படிக்கும்போதே காலமானார். சில ஆண்டுகள் கழித்து அம்மா மறுமணம் செய்துகொண்டவரையே நான் சித்தப்பா என்று அழைத்தேன். அவர் மறைந்து இன்றோடு ஓராண்டு ஆகிறது.

சித்தப்பா பிறந்தது வாலாஜாபாத்தை அடுத்த ஒரு சிற்றூரில், வேர்க்கடலை பயிரிட்டு வந்த குடும்பத்தில். சிறு வயதிலேயே தாயை இழந்தவர். லாரியில் கிளீனராகச் சேர்ந்து வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டு, பிறகு ஒரகடம் தொழிற்சாலைகளுக்கு ஆள் ஏற்றும் கம்பெனி பஸ்ஸின் ஓட்டுநரானார். முதல் மனைவியை நோய்க்குப் பறிகொடுத்தார். குழந்தைகள் இல்லை. தொழிற்சாலை கேன்டீனில் காய்கறி நறுக்கும் வேலையில் இருந்த அம்மா, மணிமங்கலத்திலிருந்து அந்தப் பஸ்ஸில்தான் போய்வந்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை துணி மடித்துக்கொண்டே அம்மா சொன்னார்: "பஸ் டிரைவர் என்னக் கட்டிக்கிறேன்னு கேட்டாரு. எனக்கும் சரின்னுதான் தோணுது. உனக்கு இன்னா தோணுது?"

எனக்கு அழுகைதான் வந்தது. உறவினர் சிலரோ, "வயசுப் பொண்ண வெச்சிக்கினு இதெல்லாம் இன்னாத்துக்கு?" என்றார்கள். அம்மா யாரிடமும் சண்டைக்குப் போகவில்லை. முடிவையும் மாற்றிக்கொள்ளவில்லை. கோயிலில் எளிமையாகத் திருமணம் நடந்தது.

அன்று வீட்டுக்கு வந்ததும், கூடத்தில் மாட்டியிருந்த என் தந்தையின் படத்தை ஒருவர் கழற்றப் போனார். சித்தப்பா தடுத்தார். "இது அவரு வூடு. நான்தான் புதுசா வந்துக்கிறேன்" என்றார். பிறகு என்னிடம், "நீ என்ன இன்னான்னு வேணா கூப்புடு. கூப்புடாம மட்டும் இருந்துடாதம்மா" என்றார்.

பல மாதங்கள் நான் எந்த முறை சொல்லியும் கூப்பிடவில்லை. "சாப்பாடு ரெடி" என்று சுவரைப் பார்த்துச் சொல்வேன். அவர் எழுந்து வருவார். டெங்குக் காய்ச்சலில் நான் மருத்துவமனையில் கிடந்தபோது, ஷிப்ட் முடித்த காக்கி உடையோடு வந்து வாசலில் நின்றார். "வெளிய நிக்கிறவர் யாரும்மா?" என்று நர்ஸ் கேட்டார். "எங்க சித்தப்பா" என்றேன். யோசித்துச் சொன்னதல்ல, வாயில் வந்துவிட்டது. அவர் காதில் விழுந்திருக்கும். உள்ளே வந்து, கொண்டுவந்த இளநீரை டம்ளரில் ஊற்றினார். என் திருமண மேடையில் அம்மாவோடு அவரே நின்றார்.

எங்களுக்காக எதையும் ஏற்றுக்கொண்ட அந்த மனிதரால், தனக்கு வந்ததை மட்டும் எளிதில் ஏற்க முடியவில்லை. பக்கவாதம் வந்து வலது கை விழுந்தது. இனி வண்டி ஓட்டக் கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். ஷிப்ட் நேரம் வந்தால் காக்கிச் சட்டையை மாட்டிவிடச் சொல்லி நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். யார் ஊட்டினாலும் சாப்பிட மாட்டார். ஒருநாள் தட்டையே தள்ளிவிட்டார். சிந்திய சோற்றைக் கூட்டி அள்ளிவிட்டு அம்மா அவர் எதிரில் வந்து உட்கார்ந்தார்.

"அடுத்தவர் பெத்த பொண்ணுக்கு அப்பனா இருக்கக் கத்துக்கினீங்க. பொண்டாட்டி கையால சோறு துன்ன மட்டும் கத்துக்க முடியாதா?"

சித்தப்பா அழுதார். அன்றுதான் வாயைத் திறந்து அம்மா கையால் வாங்கிக்கொண்டார்.

சில வாரங்களில், அவருடைய பஸ்ஸை ஓட்ட வந்த இளைய ஓட்டுநர் வீடு தேடி வந்தார். "வாண்ணே, ஒரு டிரிப்பு போய்ட்டு வரலாம்" என்று கைத்தாங்கலாக அழைத்துப்போய்த் தன் சீட்டுக்குப் பின்னால் உட்காரவைத்தார். நானும் கூடப் போனேன். ஒவ்வொரு வேகத்தடைக்கும் சித்தப்பாவின் கால் தரையை அழுத்தியது.

"அண்ணே, பிரேக்கு என்கிட்டதான் கீது!"

பஸ்ஸே சிரித்தது. சித்தப்பாவும் சிரித்தார். வாதம் வந்த பிறகு அவர் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான். அதன்பின் வாரம் ஒருமுறையாவது போய், ஜன்னலோரம் உட்கார்ந்து வேடிக்கை பார்த்து வந்தார். "இத்தினி வருசம் ஓட்னேன், ரோட்டத் தவிர ஒன்னும் பாக்கலம்மா" என்பார். இரண்டாம் முறை வாதம் தாக்கியபோது, அம்மாவின் கையைப் பிடித்தபடியே போய்ச் சேர்ந்தார்.

அவரைத் தூக்கிப்போய் மருத்துவமனையில் சேர்த்த ஓட்டுநர் தோழர்களுக்கும், கேன்டீனில் அம்மாவின் வேலையையும் சேர்த்துச் செய்த பெண்களுக்கும், அம்மாவின் மறுமணத்துக்கு வராவிட்டாலும் சித்தப்பாவின் பாடைக்குத் தோள் கொடுத்த உறவினர்களுக்கும் எங்கள் நெஞ்சார்ந்த நன்றி.

ஒரு வேண்டுகோளும் உண்டு. அவர் இல்லாத வீட்டுக்கு அம்மா இப்போதுதான் பழகிவருகிறார். சித்தப்பாவைப் பற்றிப் பேசினால் அழுவாரோ என்று தயங்கி, வருகிற நீங்கள் வேறு பேச்சுப் பேசிவிட்டுப் போகிறீர்கள். தயங்காமல் பேசுங்கள். அம்மா அழத்தான் செய்வார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு காபி கலந்து கொடுத்து, நீங்கள் கேட்காததையும் சேர்த்துச் சொல்வார்.