லேடியும் மைதானம் இல்லாத கிளப்பும்

வாப்பா கடையிலிருந்து வீட்டுக்கு வரும்போது அவருடைய சேர்ட்டில் மிளகு வாசமும் புளித்த கொக்கோ வாசமும் கலந்து வரும். பௌத்தர்களின் விடுமுறையான போயா நாட்களில் மட்டும் இந்த இரண்டையும் மிஞ்சிக்கொண்டு நனைந்த நாயின் வாசம் வரும். அந்த வாசம் படலையைத் தாண்டுவதற்கு முன்பே உம்மாவின் மூக்குக்கு எட்டிவிடும். "அங்கேயே நில்லுங்க! நஜீஸோட ஊட்டுக்குள்ள கால வெச்சீங்களோ, தெரியும் சேதி!" என்று வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடி வருவார். நாயின் எச்சில் நஜீஸ், அதாவது அசுத்தம்; அது பட்ட இடத்தை ஏழு தரம் கழுவ வேண்டும், அதில் ஒரு தரம் மண்ணும் சேர்க்க வேண்டும் என்பது எங்கள் மார்க்கச் சட்டம். வாப்பா பின்வளவு வாய்க்காலோரம் குந்தியிருந்து முழங்கை வரை கழுவுவார்; "ஒண்டு, ரெண்டு" என்று உரத்த குரலில் எண்ணுவது என் வேலை. நாலுக்குப் பிறகு ஆறு என்று தாவிவிடும்படி வாப்பா எனக்குக் கண் காட்டுவதும், "அஞ்சு எங்க போச்சு?" என்று உம்மா குசினிக்குள்ளிருந்து அதட்டுவதும் எங்கள் வீட்டு வழக்கம்.

ஒரு முஸ்லிம் முதலாளிக்கு நாயோடு என்ன சோலி என்று நீங்கள் கேட்கலாம். உக்குவளை முழுவதும் அதைத்தான் கேட்டது. எங்கள் ஊருக்கு மேலே இருந்த தோட்டத்து வெள்ளைக்காரத் துரை வேட்டைக்கென்று சீமையிலிருந்து கிரேஹவுண்ட் நாய்களை இறக்கி, அவை ஓடுவதற்கென்றே தோட்டத்துச் சமதரையில் நீளமாக ஒரு புல்வெளியும் போட்டு வைத்திருந்தாராம். நாடு சுதந்திரம் அடைந்து சில காலத்தில் அவர் கப்பலேறியபோது, நாய்களையும் அவற்றின் குட்டிகளையும் பார்த்துக்கொண்டிருந்த சின்னையா அண்ணனிடமே விட்டுவிட்டுப் போனார். சின்னையா அண்ணன் தொழிலாளர் குடியிருந்த லயத்துக்குப் பின்னால் தகரக் கொட்டில் அடித்து அவற்றை வளர்த்தார். ஒருநாள் மிளகு வாங்கப் போன வாப்பா அவை ஓடுவதைப் பார்த்திருக்கிறார். அவ்வளவுதான், மனுஷன் கவிழ்ந்துவிட்டார். பேக்கரிக்காரர், ஸ்டேஷன் போர்ட்டர், சலூன்காரர் என்று ஆள் சேர்த்து "உக்குவளை கிரேஹவுண்ட் கிளப்" என்று பெயரும் சூட்டி, தானே செக்ரட்டரியாகிவிட்டார்.

நாய்களைத் தொடாமல் செய்யக்கூடிய ஒரே வேலை "பொய் முசல்" இழுப்பது என்பதால் அதை வாப்பா எடுத்துக்கொண்டார். ஒரு சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பின்சில்லின் டயரைக் கழற்றிவிட்டு, அந்த வளையத்தில் நீளக் கயிற்றைக் கட்டி, கயிற்றின் மறுநுனியில் வைக்கோல் திணித்த முயல்தோலைக் கட்டியிருப்பார்கள். வாப்பா பெடலைக் கையால் சுற்றச் சுற்ற, தோல் புல்லின்மேல் துள்ளித் துள்ளி அவரை நோக்கி வரும். நாய்கள் அதைத் துரத்திக்கொண்டு வரும். தொந்தி குலுங்க, தொப்பி சரிய, வியர்வை கொட்ட அவர் சுற்றுவதைப் பார்க்கவே பாதிக் கூட்டம் வந்தது என்பேன். பந்தயத்துக்குக் காசு கட்டக் கூடாது, சாராயம் கொண்டுவரக் கூடாது என்பவை கிளப்பின் சட்டங்கள். வென்ற நாய்க்கு ஒரு கோப்பை பால், அதுதான் பரிசு.

அந்தப் பாலை அநேகமாகக் குடிப்பது லேடி. சாம்பல் நிறம், ஊசிமுகம், விலா எலும்பை எண்ணிவிடக்கூடிய ஒடிசல் உடம்பு. ஓடாத நேரத்தில் அதுபோல ஒரு சோம்பேறியைக் காண முடியாது. உம்மாவுக்குத் தெரியாமல் அதன் காதைத் தடவிப் பார்ப்பேன். வெயிலில் வைத்த பட்டுத்துணி மாதிரி அத்தனை மென்மையாக, சூடாக இருக்கும். அல்லாஹ் என்னை மன்னிக்கட்டும், அந்தக் கையை நான் ஏழு தரம் கழுவியதில்லை.

தோட்டம் கை மாறியதும் வந்தது கேடு. புதிய முதலாளி புல்வெளியைக் கொத்திக் கராம்புக் கன்று நடச் சொன்னார். அதோடு விட்டாரா? ஓட இடமில்லாத நாய்க்கு லயத்தில் என்ன வேலை, கன்று நட்டு முடிவதற்குள் எல்லாவற்றையும் அப்புறப்படுத்த வேண்டும், இல்லாவிட்டால் சுட்டுவிடுவோம் என்றும் சொல்லியனுப்பினார். சின்னையா அண்ணன் எங்கள் கடை வாசலில் வந்து நின்றதை இப்போதும் காண்கிறேன். "மொதலாளி, ஒரு மைதானம் மட்டும் கெடச்சா அதோட ஓரத்துலயே ஒரு கொட்டில் போட்டு வெச்சிக்குவேங்க. இதுங்க வாயில்லாத சீவனுங்க" என்றார். லேடியைச் சுடுவார்கள் என்று கேட்ட நான் அன்று சோறு தின்னவில்லை.

வாப்பா கடையைப் பொடியனிடம் விட்டுவிட்டு மைதானம் தேடி அலைந்தார். ஆர்வக் கோளாறில் பள்ளிவாசலுக்குப் பின்னாலிருந்த வெறும் வளவையே நாயோட்டத்துக்குக் கேட்டுவிட்டார். நிர்வாகிகள் "அஸ்தஃபிருல்லாஹ்!" என்று எழுந்து நின்றது ஊரெல்லாம் பேச்சானது. "புத்தி எங்க மேயப் போயிருந்திச்சி?" என்று உம்மா இரண்டு நாள் முகம் கொடுக்கவில்லை. கடைசியில் கிராமச் சபைச் சேர்மனிடம் போனார். சுது கங்கை ஆற்றின் ஓரமாகச் சபைக்கு ஒரு நீளத் தரை இருந்தது. அந்தச் சிங்கள ஐயா, சேர்மன் மாத்தயா, நல்ல மனிதர். சூதும் குடியும் இல்லையென்று நேரில் பார்த்தால் தருவதாகச் சொல்லி, ஒருநாள் ஓட்டிக் காட்டும்படி கேட்டார். அந்தச் சில வருடங்களில் ஞாயிற்றுக்கிழமை வேலைநாளாகவும் போயா விடுமுறையாகவும் இருந்தன. எல்லாருக்கும் ஓய்வான நாள் என்று வாப்பா போயாவையே குறித்துக் கொடுத்தார்.

இதற்கிடையில் வாப்பா செய்த ஒரு மடத்தனம், பிய்ந்த பொய் முசலைத் தைப்பதற்காகப் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தது. உம்மா பையைத் திறந்திருக்கிறார். நாயெச்சில் காய்ந்து மொடமொடவென்றிருந்த அந்தத் தோலை வீட்டிலிருந்து எறிந்திருக்கலாம். ஆனால் மனுஷனின் ஆசை இதில்தானே கிடக்கிறது என்று இரங்கி, மண் போட்டு ஒரு தரமும் தண்ணீரில் ஆறு தரமும் தேய்த்துக் கழுவி, கொக்கோ காயப்போடும் சீமெந்துத் தரையில் உச்சி வெயிலில் விரித்துவிட்டார். மயிரெல்லாம் கொட்டி, தோல் பொரிக்காத அப்பளம்போல் விறைத்துப் போனது. வாப்பா அதைக் கையில் எடுத்து விரலால் தட்டிப் பார்த்தார். "சேர்மனுக்கு முன்னுக்கு ஊத்தயோட இழுக்கப் போறீங்களேண்டுதான்..." என்று சொன்ன உம்மா, உள்ளே போய்த் தன் பழைய வெள்ளைத் துப்பட்டியில் ஒரு பாதியைக் கிழித்துக்கொண்டு வந்து நீட்டினார். முயல்தோலுக்குப் பதிலாக அந்த வெள்ளைத் துணியைக் கட்டி, சின்னையா அண்ணன் அந்த வாரம் முழுவதும் நாய்களைப் பழக்கினார். காற்றில் படபடத்த துணியை அவை முயலைவிட உற்சாகமாகத் துரத்தின. உம்மாவின் கைராசி என்று வாப்பா பெருமையடித்துக்கொண்டார்.

போயாவன்று ஆற்றங்கரையில் ஊரே கூடியிருந்தது. சேர்மன் வருவாரென்று பார்த்துப் பார்த்து வெயில் சாய்ந்துவிட்டது. அவர் வந்து உட்கார்ந்ததும் சின்னையா அண்ணன் நாய்களை அவிழ்த்தார், வாப்பா "பிஸ்மில்லாஹ்" சொல்லிப் பெடலைச் சுற்றினார். லேடி முன்னால் வந்தது. நான் தொண்டை கிழியக் கத்தினேன். அந்த வேளை பார்த்து, விகாரையில் சில் என்ற போயா நோன்பை அனுஷ்டித்து முடித்த பெண்கள் ஆற்றங்கரைப் பாதையால் வீடு திரும்பிக்கொண்டிருந்தார்கள், தலையிலிருந்து கால்வரை வெள்ளை உடுத்து, காற்றில் சேலை படபடக்க. போயாவில் சிங்கள ஊர் வெள்ளை உடுக்கும் என்பதைப் பிறந்ததிலிருந்து கண்டு வந்த எங்களில் ஒருவருக்கும் அது முன்கூட்டி உறைக்கவில்லை.

லேடி ஒரு கணம் தலையைத் திருப்பியது. பிறகு உம்மாவின் துப்பட்டியை அம்போவென்று விட்டுவிட்டு அந்த வெள்ளைக் கூட்டத்தை நோக்கிப் பறந்தது. மற்றவையும் பின்னால் பறந்தன. பெண்கள் அலறிச் சிதறினார்கள். ஓட முடியாத ஒரு வயதான அம்மா மட்டும் பாதையோரப் புல்லில் தொப்பென்று உட்கார்ந்துவிட்டார். அவர் சேர்மனின் தாயார், மெனிக்கே அம்மா. யா அல்லாஹ் என்று வாப்பா தலையில் கை வைத்துக்கொண்டார். லேடியோ அவர் மடியில் முகத்தை வைத்து வாலை ஆட்டிக்கொண்டிருந்தது.

எல்லாரும் ஓடிப்போனபோது அந்த அம்மா லேடியின் முதுகைத் தடவிக்கொண்டிருந்தார். "அனே, பவ்!" என்றார். ஐயோ பாவம் என்று அர்த்தம். பிறகு மகனைப் பார்த்துச் சிங்களத்தில் பொரிந்து தள்ளினார்: "எலும்ப பாரு மகனே! ஒரு வாய் சோறு போடாம ஓடவிட்டு வேடிக்க பாக்குறாங்க. சில் எடுத்த நாள்ல என் கண்ணுல இதக் காட்டிட்டீங்களே, இதுக்கா நெலம் குடுக்கப் போற?"

இந்தச் சாதி நாய் இப்படித்தான் இருக்கும், வயிறு நிறையத்தான் தின்கிறது என்று வாப்பா சத்தியம் செய்தார். மெனிக்கே அம்மா வாப்பாவின் தொந்தியையும் லேடியின் விலாவையும் மாறிமாறிப் பார்த்தார். அந்தப் பார்வைக்குப் பிறகு எந்தச் சத்தியமும் எடுபடவில்லை. தாய் சொல்லைத் தட்டாத சேர்மன் தலையைக் குனிந்துகொண்டு, மைதானம் இல்லை என்று சொல்லிவிட்டார். லேடியை மெனிக்கே அம்மா அன்றைக்கே தன் வீட்டுக்குக் கூட்டிப்போனார். மற்ற நாய்களைப் பேக்கரிக்காரரும் போர்ட்டரும் இன்னும் சிலரும் ஆளுக்கொன்றாகப் பொறுப்பேற்றார்கள். ஒன்றையும் யாரும் சுடவில்லை. வாப்பா சைக்கிளை நிமிர்த்தி உருட்டிக்கொண்டு வந்தார்.

சோறும் பாற்சோறும் தின்று லேடி பூசணிக்காயாக ஊதிப்போனது. பள்ளிக்கூடம் போகும்போது அந்த வாசலில் அது மல்லாந்து கிடப்பதைப் பார்த்து எனக்குச் சந்தோஷமாகவும் இருக்கும், அழுகையாகவும் வரும்.

இரண்டொரு வருடத்தில் சின்னையா அண்ணனுக்கு இந்தியப் பாஸ்போர்ட் வந்தது. இந்த மண்ணில் பிறந்த மனிதர், இந்தியாவைக் கண்ணால் கண்டதில்லை. ஆனால் தோட்டத் தமிழரான அவருக்கு இங்கே பிரஜாவுரிமை இல்லை, இரண்டு அரசாங்கங்களும் செய்த ஒப்பந்தப்படி போயாக வேண்டும். உக்குவளை ஸ்டேஷனில் மனைவி பிள்ளைகளோடு தகரப்பெட்டிமேல் உட்கார்ந்திருந்தார். கிளப் முழுவதும் வழியனுப்பப் போயிருந்தது. மெனிக்கே அம்மாவும் குடையைப் பிடித்துக்கொண்டு லேடியை மெல்ல மெல்ல நடத்தி வந்தார். சின்னையா அண்ணன் பிளாட்பாரத்தில் மண்டியிட்டு லேடியின் விலாவை விரலால் தடவித் தடவிப் பார்த்துச் சிரித்தார்.

"தேடித்தான் பாக்குறேன் மொதலாளி, ஒரு எலும்புகூட ஆப்புடல. இனி இது ஓடாதுங்க, ஓடவும் வேணாம். இதுக்கு இந்த ஊருல எடம் கெடச்சிருச்சு. எங்களத்தான் ஓடச் சொல்லிட்டாங்க."

வாப்பா அத்தனை பேருக்கும் முன்னால் குழந்தைபோல விம்மி அழுதார். ரயில் போன பிறகும் அவரைக் கையைப் பிடித்து நான்தான் கூட்டிவந்தேன்.

இன்று அந்தக் கராம்புத் தோட்டம் வீட்டுக் காணிகளாகிவிட்டது. லயம் இருந்த இடத்தில் மதில்கள் நிற்கின்றன. ஆற்றங்கரைத் தரையில் வாரச் சந்தை கூடுகிறது, அங்கேதான் நானும் மரக்கறி வாங்குகிறேன். கிரேஹவுண்ட் என்று சொன்னால் என் பேரப்பிள்ளைகள் போனில் தேடிப் படம் பார்க்கிறார்கள். வாப்பா மௌத்தாகும்வரை, கிளப் என்ன ஆனது என்று யார் கேட்டாலும் "கிளப் ஈக்கிது, மைதானந்தான் இல்ல. சின்னையா வரட்டும், திரும்பக் கேட்டுப் பாப்பம்" என்றே சொல்லிக்கொண்டிருந்தார். சின்னையா அண்ணன் வரவில்லை. எனக்குத் தெரிந்தவரை அந்தக் கிளப்பைக் கலைப்பதாக இன்றுவரை யாரும் தீர்மானம் போடவுமில்லை.