புதன்கிழமைக் கறி

காலையில் அம்மா என்னை வில்லியனூர் கறிக்கடைக்கு அனுப்பினார். எங்கள் வீட்டில் ஞாயிறு தவிர வேறு நாளில் கறி கிடையாது.

கடைக்காரரே கேட்டார். "இன்னாக்கா, புதங்கெழமையில கறி? விருந்தாளியா?"

விருந்தாளி இல்லை. ஏம்பலத்துக் கரும்பு நிலத்தைத் தம்பி பேருக்கு மாற்ற மதியம் பத்திரம் எழுதுபவர் வருகிறார். சர்க்கரை நோயில் பார்வை போன அப்பா கைநாட்டு வைக்க வேண்டும். அவரிடம் கரும்பு லோன் காகிதம் என்று அம்மா சொல்லி வைத்திருக்கிறார். அண்ணனுக்கு விஷயமே தெரியாது.

போன வாரம் தேவாலயப் பூசையில் பைபிள் வாசகம் படித்தது நான்தான். பார்வை மங்கிய கணவனைக் கறி சமைத்து ஏமாற்றி, மூத்தவனுக்குரிய ஆசியை இளையவனுக்கு வாங்கிக் கொடுத்த ரெபேக்காவின் கதை.

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். "ரெபேக்கா ஏம்மா அப்படிச் செஞ்சா?"

அம்மா நிமிராமல் வெங்காயம் அரிந்தார். "அவ தனக்கா செஞ்சிக்கினா? சின்னவன்தாண்டி கூடவே கெடந்து எல்லாத்தையும் பாத்துக்கினான்."

"அது நாயந்தாம்மா. அத அப்பாகிட்டயே சொல்லேன். கறி எதுக்கு?"

அம்மா அடுத்த வெங்காயத்தை எடுத்தார்.

மதியம் அப்பா இலையில் கை வைத்திருந்தபோது பத்திரக்காரர் வந்தார். அவர் காகிதத்தை எடுத்ததும் நான் வாங்கி, ஒரு வரி விடாமல் உரக்கப் படித்தேன். அம்மா முறைத்தார். நான் நிறுத்தவில்லை.

அப்பா முழுவதும் கேட்டார். "கறி வாசம் வந்தப்பவே நெனச்சேன். பெரியவனுக்குப் போன் போடு. அவனும் வரட்டும், பேசலாம்."

பிறகு அம்மா பக்கம் திரும்பினார். "இன்னும் ரெண்டு துண்டு வை."

ரெபேக்காவுக்கு ஒரு மகளும் இருந்திருந்தால் கதை எப்படிப் போயிருக்கும்? நீங்களே சொல்லுங்கள்.