காராமணியில் வெள்ளைப் புள்ளி

எங்கள் எண்ணூர் வீட்டில் எது கெட்டாலும் நான் முதலில் திட்டுவது எதிரே தெரிகிற அனல்மின் நிலையப் புகைபோக்கியைத்தான். துணி கறுத்தாலும் சரி, பால் திரிந்தாலும் சரி, வசவு அதற்குத்தான். அன்றைக்குக் காராமணி டப்பாவைத் திறந்தால் பயறின் மேல் வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள். மூடி போட்ட டப்பாவுக்குள்ளும் சாம்பல் புகுந்துவிட்டதே என்று திட்டிக்கொண்டே ஒரு பிடி எடுத்து அலசினேன். போகவில்லை. நகத்தால் சுரண்டினேன், பசை போட்டு ஒட்டிய மாதிரி நின்றது. அப்போதுதான் டப்பா ஓரத்தில் ஒரு பழுப்பு வண்டு ஏறி வந்தது. புள்ளியெல்லாம் அதன் முட்டை. அந்த ஒரு தடவை புகைபோக்கி தப்பித்தது.

ஏற்கெனவே எனக்கு மனசு சரியில்லை. மகளைப் புழலில் கட்டிக்கொடுத்திருக்கிறேன். அவளுக்கு முதல் பிரசவம், வளைகாப்பு முடிந்ததும் எங்கள் வீட்டுக்கு அழைத்துவர வேண்டும். காராமணியே அவள் ஆசைப்பட்டுக் கேட்ட சுண்டலுக்கு வாங்கியதுதான். முந்தின நாள் சம்பந்தியம்மா போனில், "உங்க வூட்டாண்ட ஒரே சாம்பலா கீது. பச்ச கொழந்தைக்கு ஒத்துக்குமா? இங்கியே இருக்கட்டுமே" என்றார். "நான் இங்க பெத்து வளக்கலியா?" என்று கத்திவிட்டு போனை வைத்துவிட்டேன்.

அந்தக் கோபத்தோடு, வண்டை நசுக்கத்தான் பயறை முறத்தில் கொட்டினேன். அது பாட்டுக்கு ஒரு பயறின் மேல் ஏறி மீசையால் தடவிப் பார்த்தது. அதில் ஏற்கெனவே ஒரு புள்ளி இருந்தது. இறங்கிவிட்டது. அடுத்தது சுருங்கல், அதுவும் வேண்டாம். உடைந்ததை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. வாடகைக்கு வீடு பார்க்கிறவர்கள்கூட இப்படிக் குற்றம் கண்டுபிடிக்க மாட்டார்கள். கடைசியில் கொழுத்த, மழமழப்பான ஒன்றைச் சுற்றிச் சுற்றி வந்து, ஒரே ஒரு முட்டையை ஒட்டிவிட்டு நகர்ந்தது. என்ன பொறுமை, என்ன கணக்கு! என் பயறைத் தின்ன வந்த திருட்டுக் கழுதைதான், ஆனாலும் நசுக்கக் கை வரவில்லை.

புள்ளி இருந்த ஒரு பயறைப் பிளந்து பார்த்தேன். முட்டைக்கு நேர் கீழே குடைந்து போய், உள்ளே ஒரு வெள்ளைப் புழு சுருண்டு கிடந்தது. பிடிக்கவில்லை என்று அடுத்த பயறுக்குப் போக அதற்குக் கால் கிடையாது. அம்மா வைத்த இடத்தில்தான் தின்று வளர வேண்டும். அதனால்தான் அவள் அத்தனை பார்க்கிறாள்.

ஜன்னல் பக்கம் போனேன். காலையில் துடைத்த விளிம்பில் மறுபடியும் சாம்பல். என் மகளை இங்கேதான் வளர்த்தேன். ஆனால் அவள் மூச்சிரைப்போடுதான் வளர்ந்தாள்.

அவளுக்கு போன் போட்டேன்.

"இன்னாம்மா, எப்போ இட்டுகினு போவ?" என்றாள்.

"நீ அங்கியே இரு. கொழந்த அங்கியே பொறக்கட்டும்."

"எனக்கு நீ வோணும்மா" என்று அழ ஆரம்பித்தாள்.

"அழாத. போன உன் மாமியாராண்ட குடு. அங்க எனக்குப் பாய் போட எடம் கீதான்னு கேக்கணும்."